கன்னிப்பூவில் வந்தாள், கும்பப்பூவில் வந்தான்: பால் மாறும் பாத்திரத்துக்குத் தமிழில் எந்த வினைமுற்று?

பறக்கை வயல் எழுதியது:

இவ்விழையைத் தொடங்குவதற்குக் காரணம் ஒரு கதை. நான்கு மாதங்களாக அதை முடிக்கவும் இயலவில்லை, கைவிடவும் மனம் வரவில்லை.

கதை நடப்பது நாஞ்சில் நாட்டில், இன்றைக்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னால். கடல் ஏறி வந்து, மணக்குடிக் காயல் சுசீந்திரத்தின் விளிம்பு வரை பரந்துவிட்டது. மிஞ்சிய வயல்களில் அப்போதும் இரண்டு பூ விளைகிறது: சித்திரை, வைகாசியில் விதைத்துப் புரட்டாசிக்குள் அறுக்கும் கன்னிப்பூ, அதன் பின் நட்டு மாசியில் அறுக்கும் கும்பப்பூ. அந்த ஊர்க்காரர்களின் உடல் பயிரோடு சேர்ந்து மாறுகிறது. மடை காக்கும் ஜோதி கன்னிப்பூவுக்குப் பெண், கும்பப்பூவுக்கு ஆண். தங்கத்துக்கும் அவ்வாறே, ஆனால் ஒரு மாதம் பிந்தி. ஆகவே ஆண்டில் பெரும்பகுதி இருவரும் ஒரே பாலாகவும், சில வாரங்கள் வெவ்வேறு பாலாகவும் இருப்பார்கள். இருவருக்கும் இடையில் காதல் உண்டு, தண்ணீர் முறை பற்றிய தீராத வழக்கும் உண்டு. ஊரில் யாரும் உடல் மாற்றத்தைக் கண்டு வியப்பதில்லை. தண்ணீர் வழக்கைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது.

சிக்கல் மொழியில் வந்தது. முதல் பகுதியில் 'ஜோதி மடையைத் திறந்தாள்' என்று எழுதினேன். இருபது பக்கம் கழித்து 'ஜோதி மடையை அடைத்தான்' என்று எழுதினேன். படித்துப் பார்த்த இரண்டு பேரில் ஒருவர், முதல் ஜோதி இறந்துபோய் அதே பெயரில் இன்னொருவர் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார். மற்றவர் அச்சுப் பிழை என்று சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். அனுப்பிய சிற்றிதழ் ஒன்று, பாத்திரத்தை ஆணாகவோ பெண்ணாகவோ முடிவு செய்துவிட்டு மீண்டும் அனுப்பும்படி பதில் எழுதியது.

ஆங்கிலத்தில் எழுதுகிறவர் சுட்டுப்பெயர் ஒன்றைச் சமாளித்தால் பெரும்பாலும் தப்பிவிடுவார். நமக்கோ ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் பால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஊகப் புனைவோ மிகுபுனைவோ எழுதும் பால்புதுமையர் (குயர்) நண்பர்களும், அப்படிப்பட்ட கதைகளை விரும்பிப் படிப்பவர்களும் இதை எப்படிக் கடந்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

குளச்சல் அலை எழுதியது:

இந்த வழியில் உங்களுக்கு முன்னால் விழுந்து எழுந்தவர்களில் பெரியவர் அமெரிக்க அறிபுனை எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின். 1969இல் வெளிவந்த 'தி லெஃப்ட் ஹாண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில், கெத்தன் என்னும் குளிர்க்கோளின் மனிதர்கள் மாதத்தின் பெரும்பகுதி ஆணுமில்லை, பெண்ணுமில்லை. சில நாட்கள் மட்டும் இரண்டில் ஒன்றாக மாறுவார்கள். எதுவாக மாறுவோம் என்பது முன்கூட்டி அவர்களுக்கே தெரியாது. ஒருவரே ஒரு பிள்ளைக்குத் தாயாகவும் இன்னொரு பிள்ளைக்குத் தந்தையாகவும் இருக்கக்கூடும். அந்த மக்கள் அனைவரையும் அவர் ஆண்பால் சுட்டாலேயே எழுதினார். வாசகர்கள் கண்முன் ஓர் ஆண்கள் உலகமே எழுந்தது என்ற குறை உடனே வந்தது. 1976இல் எழுதிய கட்டுரையில் தம் தேர்வுக்கு நியாயம் சொன்னவர், 1987இல் அதே கட்டுரைக்குக் குறிப்புகள் சேர்த்தபோது அந்த நியாயத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். இடையில் 1975இல், அதே கோளில் நடக்கும் தம் பழைய சிறுகதை ஒன்றில் எல்லாரையும் பெண்பால் சுட்டுக்கு மாற்றி மறுபதிப்புச் செய்தார். அரசர், பிரபு போன்ற சில பட்டங்களை மட்டும் ஆண்பாலாகவே விட்டுவைத்தார். தேர்ந்த எழுத்தாளர் ஒருவர் ஒரே கேள்வியைப் பல ஆண்டுகளாக விடாமல் புரட்டிக்கொண்டிருந்தது எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிறது. உங்களுக்கு நான்கு மாதம்தான் ஆகியிருக்கிறது.

2013இல் ஆன் லெக்கி 'ஆன்சிலரி ஜஸ்டிஸ்' நாவலில் எல்லாரையும் பெண்பால் சுட்டால் குறித்தார். கதை சொல்லியின் பேரரசு மொழியில் பால் வேறுபாடே கிடையாது என்பது அதற்கு அவர் வைத்த காரணம். அந்நாவல் ஹ்யூகோ, நெபுலா, ஆர்தர் சி. கிளார்க் ஆகிய மூன்று அறிபுனை விருதுகளையும் பெற்றது.

ஒன்று மட்டும் சொல்வேன். லெ குவினின் நாவலில் அரசர் கருவுற்றிருக்கிறார் என்ற செய்தி வரும். அதைத் தமிழில் 'அரசன் கருவுற்றிருந்தான்' என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஓரிடத்தில் மட்டும் விழும் அடி, தமிழில் பெயரிலும் வினையிலுமாக இரண்டு இடத்தில் விழுகிறது. நீங்கள் தடை என்று நினைப்பதே உங்கள் கருவியாக இருக்கலாம்.

வேளிமலையான் எழுதியது:

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இழையைத் தொடங்கியவரைத் தம்பி என்பதா தங்கை என்பதா என்று அறியேன். நம் ஊர் வழக்கப்படி 'மக்களே' என்று அழைக்கிறேன். அச்சொல்லுக்குள் எல்லாரும் அடங்குவர்.

நீங்கள் நான்கு மாதமாகத் திணறும் இடத்தில் தொல்காப்பியர் நின்று பார்த்திருக்கிறார். கிளவியாக்கத்தின் நான்காம் நூற்பா, 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி'யையும் தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி, 'இவ்வென அறியும் அந்தம் தமக்கு இலவே' என்கிறது. அதாவது, இவற்றுக்கென்று தனியான ஈறு மொழியில் இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே இவை இசைக்கும். அதே இயலில் பின்னர் வரும் நூற்பா, ஆண்மை திரிந்த பெயர் ஆண்பால் ஈற்றை ஏற்காது என்று வரையறுக்கிறது. ஈறு இல்லை என்ற குறையை அவர் மறைக்கவில்லை. ஆனால் திணையைப் பற்றி அவருக்கு ஐயமே இருக்கவில்லை. இவர்கள் உயர்திணை.

பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூலார் பெயரியலில் வேறு வழி சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புவோரை ஆண்பாலிலும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புவோரைப் பெண்பாலிலும் சேர்த்தார். விருப்பத்தை வைத்துப் பாலைத் தீர்மானித்த அந்தப் பகுதி, இன்று படிக்கும்போது வியப்பாக இருக்கிறது. ஆனால் அதே நூற்பாவின் கடைசி அடியில், இருவரையும் அஃறிணை போலச் சொல்வதற்கும் இடம் கொடுத்துவிட்டார். வகுப்பில் இந்த அடியை நான் பலமுறை வேகமாகக் கடந்து சென்றிருக்கிறேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

'அவர்', 'வந்தார்' என்பதே உங்களுக்கு ஏற்ற வழி என்பது என் கருத்து. பலர்பால் ஈறு ஒருமைக்கு வந்து நெடுங்காலம் ஆகிறது.

ஆரல்வாய்மொழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இக்கதைகள் மீது வெறுப்பு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஓர் ஐயம் உண்டு.

திருநங்கையருக்கும் தன்பாலீர்ப்பு உடையவர்களுக்கும் இன்று இருக்கும் துன்பம் வாடகை வீடு, வேலை, குடும்பம், காவல் நிலையம் ஆகியவற்றில் இருக்கிறது. சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' அதைப் பேசியது. ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்', வித்யாவின் 'நான், வித்யா' ஆகிய நூல்கள் அத்துன்பத்தை அவர்களது சொந்தக் குரலிலேயே சொல்லிவிட்டன. இத்தனை கடுமையான நடப்பு கண்முன்னே கிடக்கும்போது, இருநூறு ஆண்டுக்கு அப்பால் பயிரோடு உடல் மாறும் ஊரைப் படைப்பது நடப்பிலிருந்து தப்பிச் செல்வது ஆகாதா?

இரண்டாவது, கற்பனைதான் வேண்டும் என்றால் அது நம்மிடமே ஏராளமாக இருக்கிறது. பிருகன்னளை, சிகண்டி, அரவானை மணந்த மோகினி, ஆண்வாடையே ஆகாது என்று மதுரையை ஆண்ட அல்லி. குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் சாஸ்தா கோயில் இருக்கிறது. அரிக்கும் அரனுக்கும் பிறந்த பிள்ளை என்று கேட்டே நாம் வளர்ந்தோம். பிறகு எதற்காக அமெரிக்க நாவல்களைப் புரட்ட வேண்டும்?

ஆசிரியர் ஐயா சொன்ன 'அவர்' பற்றியும் ஒரு சொல். கதையில் ஜோதி ஏழு வயதுப் பிள்ளையாக மடையில் குதித்து விளையாடும் இடம் வந்தால் 'ஜோதி குதித்தார்' என்று எழுதுவீர்களா? படிப்பவர் சிரித்துவிடுவார்.

மார்த்தாண்டம் தேன் எழுதியது:

ஆரல்வாய்மொழி அண்ணாச்சி கேட்ட கடைசிக் கேள்வியில் எனக்கும் உடன்பாடு. எழுத்துத் தமிழின் 'அவர்' பாலை மறைக்கிறது, ஆனால் மரியாதையைத் தூக்கி வைத்துவிடுகிறது. காதலர் இருவர் மடைமேட்டில் கட்டிப் புரண்டு சண்டை போடும்போது மரியாதை ஈறு ஒவ்வாது.

நான் விளவங்கோட்டுக்காரன், வீட்டில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவோம். மலையாளத்தில் 'அவன் வந்நு', 'அவள் வந்நு', 'அவர் வந்நு' என்று எல்லாருக்கும் ஒரே வினைதான். எழுவாயை மட்டும் பெயராக வைத்துவிட்டால் ஒரு பக்கம் முழுவதையும் பால் தெரியாமல் எழுதிவிடலாம். 1949 வரை திருவிதாங்கூரோடும், அதன் பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் இது. இந்த வினை எங்கள் காதில் இன்னும் இருக்கிறது. இதை எழுத்துத் தமிழுக்குள் கடத்த முடியாது என்பது தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டில் இருக்கும் வசதி நம் வீட்டில் இல்லையே என்று சில இரவுகளில் தோன்றும்.

நம் பேச்சு வழக்கிலேயே ஒரு வழி இருக்கிறது. மனைவி கணவனைச் சொல்லும்போது 'அவிய வந்தாவ' என்பார். அதே மனைவி மாமியாரைச் சொல்லும்போதும் 'அத்தை வந்தாவ' என்பார். 'அவர்' போல விறைப்பாக இல்லாமல், வீட்டுக்குள் புழங்கும் ஒட்டுறவோடு இருக்கும் ஈறு அது. உரையாடலில் மட்டுமாவது அதைப் பயன்படுத்திப் பாருங்கள்.

இன்னொன்று, தன்மையிலும் முன்னிலையிலும் தமிழ் எவரிடமும் பால் கேட்பதில்லை. 'வந்தேன்', 'வந்தாய்', 'வந்தோம்' ஆகிய எதிலும் ஆணோ பெண்ணோ இல்லை. ஜோதியே கதையைச் சொன்னால் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

முட்டம் விளக்கு எழுதியது:

நான் கடற்கரை ஊரில் பிறந்த திருநங்கை. இப்போது வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறேன். ஆரல்வாய்மொழி அண்ணாச்சியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் உரிமை எனக்குக் கொஞ்சம் இருப்பதாக நினைக்கிறேன்.

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன வாடகை வீட்டையும் காவல் நிலையத்தையும் நான் நேரில் அறிவேன். அவற்றைப் பற்றிய நூல்கள் எனக்குத் துணையாக இருந்திருக்கின்றன. ஆனால் அந்நூல்களில் நாங்கள் எப்போதும் யாருக்காவது விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஏன் இப்படி ஆனாய், எப்போது தெரிந்தது, வீட்டில் என்ன சொன்னார்கள் என்ற கேள்விகள் முடிந்த பிறகுதான் வாழ்க்கைக்கு இடம் கிடைக்கிறது. அதற்குள் புத்தகம் முடிந்துவிடுகிறது. ஜோதியும் தங்கமும் தண்ணீருக்காகச் சண்டை போடுகிறார்கள் என்று படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி அங்கிருந்து வந்தது. யாருக்கும் எதையும் விளக்காமல், வரப்பு வெட்டிய தகராறில் ஒருவர் மேல் ஒருவர் கோபப்படுகிறார்கள். அந்தச் சாதாரண நாளைக் காண நான் இருநூறு ஆண்டு எதிர்காலத்துக்குள் போக வேண்டியிருக்கிறது என்பது உங்கள் கேள்விக்கு ஒரு பதில்.

புராணங்களைப் பற்றி. பிருகன்னளை ஊர்வசியின் சாபம். ஓராண்டு முடிந்ததும் அருச்சுனன் பழைய உடலுக்குத் திரும்பிவிடுகிறான். சிகண்டி பழி தீர்க்கப் பிறந்த உடல். மோகினி ஓர் இரவுக்கு மட்டும் மனைவி. மறுநாள் அரவான் களப்பலியாகிறான். கூத்தாண்டவர் கோயில் திருவிழாவில் நானும் தாலி அறுத்து அழுதிருக்கிறேன். அது எனக்குப் புனிதமானது, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சாபமாகவோ வரமாகவோ தந்திரமாகவோ வரும் அந்த உடல்களுக்குக் காரியம் முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கிடையாது. அவர்கள் உலை வைப்பதையும் ரேஷன் கடை வரிசையில் நிற்பதையும் எந்தக் கதையும் சொல்லவில்லை.

ஆசிரியர் ஐயா, 'அஃறிணை போல' என்ற அடியை வகுப்பில் வேகமாகக் கடந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த அடி பேருந்து நிலையத்தில் மெதுவாகவே நடக்கும். 'அது வருது பாரு' என்று எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கு இல்லை. ஆகவே ஒரு வேண்டுகோள் மட்டும் வைக்கிறேன். ஜோதிக்கு எந்த ஈற்றை வைத்தாலும் வையுங்கள், 'அது' மட்டும் வேண்டாம்.

குளச்சல் அலை எழுதியது:

அக்கா சொன்னதற்கு மேல் புராணம் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அண்ணாச்சி அல்லியைக் குறிப்பிட்டதால் ஓர் ஒப்புமை நினைவுக்கு வருகிறது. அல்லி அரசாணியின் கதை எப்படி முடிகிறது என்பதை நாம் அறிவோம்: அவள் தூங்கும்போது அருச்சுனன் தந்திரமாகத் தாலி கட்டுகிறான், அல்லி மனைவியாகிறாள், கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். 1972இல் ஜோவன்னா ரஸ் எழுதி நெபுலா விருது பெற்ற ஒரு சிறுகதையில், கொள்ளைநோயால் ஆண்கள் அழிந்துபோன கோள் ஒன்றில் பெண்கள் பல நூறு ஆண்டுகளாகக் குடும்பமும் பிள்ளைகளும் பண்ணையுமாக வாழ்கிறார்கள். பூமியிலிருந்து சில ஆண்கள் வந்து இறங்கி, மிகவும் நயமாகப் பேசி, உங்கள் குறை தீர்ந்துவிட்டது என்கிறார்கள். எந்தக் குறை என்று அந்தப் பெண்களுக்கு விளங்கவில்லை. நிகழ்ச்சி ஏறக்குறைய ஒன்றே: பெண்கள் நாட்டுக்குள் ஆண் நுழைகிறான். ஆனால் ரஸ் அதை அல்லியின் பக்கம் உட்கார்ந்து எழுதினார். எனவே அமெரிக்க நாவல்களைப் புரட்டுவதால் நம் கதையை விட்டு விலகுகிறோம் என்று நான் எண்ணவில்லை. ரஸ்ஸைப் படித்த பிறகுதான், தூங்கி எழுந்த அல்லி முதலில் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

இவர்கள் யாரும் ஒற்றையாக எழுதவில்லை என்பதும் முக்கியம். 1953இலேயே தியடோர் ஸ்டர்ஜன் தன்பால் காதலைப் பரிவோடு ஓர் அறிபுனைக் கதையில் வைத்தார். 1967இல் சாமுவேல் டெலனி, விண்பயணத்துக்காகப் பால் நீக்கப்பட்டவர்களையும் அவர்கள் மேல் ஆசைப்படுகிறவர்களையும் எழுதி நெபுலா பெற்றார். 1983இல் இருவர் சேர்ந்து, இவ்வகைக் கதைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடி ஒரு நூலடைவே வெளியிட்டார்கள். 1991இல் பாட் மர்ஃபியும் கேரன் ஜாய் ஃபௌலரும், பாலினத்தைப் பற்றிப் புதிதாக யோசிக்கும் புனைவுக்கு ஜேம்ஸ் டிப்ட்ரீ என்ற அறிபுனை எழுத்தாளரின் பெயரில் ஒரு விருதை அறிவித்தார்கள். அதற்குக் கொடையாளர் எவரையும் அவர்கள் தேடிப் போகவில்லை. வீட்டில் பலகாரம் சுட்டு மாநாடுகளில் விற்றுப் பணம் சேர்த்தார்கள். நாமும் முந்திரிக்கொத்து விற்று ஒரு பரிசு வைக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேருக்குப் பாகு பதம் தெரியும் என்பதுதான் கேள்வி.

பறக்கை வயல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. முந்திரிக்கொத்து எனக்குச் சுட வரும். பயறு வறுப்பதில் மட்டும் கை பிசகும்.

டிப்ட்ரீ பற்றி அலை சொன்னதும் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அது ஆலிஸ் ஷெல்டன் என்ற பெண்ணின் புனைபெயர். அந்த எழுத்தில் ஆண்மை அழுத்தமாகத் தெரிகிறது, எனவே எழுதியவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று 1975இல் ராபர்ட் சில்வர்பெர்க் முன்னுரையே எழுதினார். இரண்டு ஆண்டுகளில் உண்மை வெளிவந்துவிட்டது. 1987இல் ஷெல்டன், நோயுற்றிருந்த தம் கணவரைச் சுட்டுவிட்டுத் தாமும் இறந்தார். அதை எப்படிப் புரிந்துகொள்வது என்ற விவாதத்துக்குப் பிறகு, 2019இல் அவ்விருதின் பெயர் 'அதர்வைஸ்' என்று மாற்றப்பட்டது. தங்கள் விருதுக்கு வைத்த பெயரைத் தாங்களே கேள்விக்குட்படுத்தி மாற்றிக்கொண்ட ஒரு வாசகர் கூட்டத்தைப் பற்றி எனக்கு மதிப்பு உண்டு.

புனைபெயரைப் பற்றி யோசிப்பதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் இருக்கிறது. நம் மாவட்டம் மிகச் சிறியது; இருவர் சந்தித்தால் மூன்றாவது கேள்வியில் வீட்டுப்பெயர் வந்துவிடும், ஐந்தாவது கேள்வியில் உறவு வந்துவிடும். இலக்கியத்துக்குக் குறைவில்லாத ஊர்தான்: சுந்தர ராமசாமி இருந்த நகரம், தோப்பில் முஹம்மது மீரானின் தேங்காய்ப்பட்டணம், நாஞ்சில் நாடனின் வயல்கள். ஆனால் இலக்கியக் கூட்டத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர் என் சித்தப்பாவின் அலுவலக நண்பராக இருக்கிறார். கதை பிரசுரமாகும் நாளைவிட, கதையை முதன்முதலில் ஒருவரிடம் படிக்கக் கொடுக்கும் நாளே எனக்கு அச்சமாக இருந்தது. அந்த அச்சத்தைப் பகிர்ந்துகொள்ள நான் கண்டடைந்தது நேரில் இரண்டே பேர். அவர்களில் ஒருவர்தான் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தவர்.

சென்னையில் 2018இல் பால்புதுமையர் இலக்கிய விழா தொடங்கியபோது நான் இரவு ரயிலேறிப் போக நினைத்து, வீட்டில் சொல்லப் பொய் கிடைக்காமல் நின்றுவிட்டேன். கொல்கத்தாவின் இந்திரா தாஸ், ஓநாய் மனிதர்களையும் முகலாயர் கால இந்தியாவையும் வைத்து எழுதிய 'தி டிவவரர்ஸ்' நாவலுக்கு 2017இல், பால்புதுமையர் எழுத்துக்கான லாம்டா இலக்கிய விருது கிடைத்தது. கொழும்பின் வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' நாவலில், இன்னொரு ஆணைக் காதலிக்கும் இளைஞன் ஒருவன், புனிதராக வழிபடப்படும் தன் தந்தையைக் கொல்வதற்காகத் தாயால் வளர்க்கப்படுகிறான். அதற்கு நெபுலா விருது கிடைத்தது. நேர்க்கோட்டில் பார்த்தால் எனக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். ஆனால் இருவரும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள், இருவருக்கும் வினைமுற்றுத் தொல்லை இல்லை என்று பொறாமையாக இருக்கிறது.

உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக நம் அரசு 2022இல் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. நம்மைக் குறிக்கப் பெயர்ச்சொற்கள் கிடைத்தன. வினைமுற்றை எந்த அரசிதழும் தரப்போவதில்லை.

தேன் சொன்ன தன்மை வழியை எழுதிப் பார்த்தேன். ஜோதியே 'திறந்தேன்', 'அடைத்தேன்' என்று சொல்லும்போது கதை வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் ஜோதி தங்கத்தைப் பார்த்தாக வேண்டுமே. பார்த்த உடனே 'தங்கம் சிரித்தாள்' என்றோ 'சிரித்தான்' என்றோ வந்து நிற்கிறது. காதலிப்பவர் சொல்லாத பாலைக் காதலிக்கப்படுகிறவர் மேல் சுமத்துவதாக அது ஆகிவிட்டது.

வேளிமலையான் எழுதியது:

முட்டம் விளக்கு அவர்களே, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நூற்பாவைக் கடந்து சென்றது தவறு. பாடத்தில் இருப்பதைச் சொல்லி, அது யார் மேல் விழுகிறது என்பதையும் மாணவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மக்களே, 'அவர்' என்று நான் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். லெ குவின் அம்மையாரே திரும்பப் பெற்றிருக்கும்போது எனக்கு என்ன கௌரவக் குறைவு வந்துவிடப் போகிறது. ஈறுகளை மாற்றி மாற்றியே எழுதுங்கள் என்று இப்போது தோன்றுகிறது. கன்னிப்பூ அறுவடை நடக்கும் பக்கத்தில், ஒரே பத்தியில், கதிர் சாயச் சாய 'ஆள்' ஈறு 'ஆன்' ஈறாக மாறட்டும். தமிழ் வாசகர் நாற்று, நடவு, களை, கதிர் என்று பருவத்தை அறிந்தவர். பயிரைப் பார்த்து வினையைப் புரிந்துகொள்ள இரண்டு முறை தடுமாறுவார். மூன்றாம் முறை அவரே எதிர்பார்க்கத் தொடங்குவார்.

ஆரல்வாய்மொழி எழுதியது:

நான் முழுவதும் மாறிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நடப்பை எழுதுவதற்கு இன்னும் ஆட்கள் போதவில்லை என்றே கருதுகிறேன். ஆனால் திங்கட்கிழமை காலை பற்றி முட்டம் விளக்கு அவர்கள் எழுதியது என்னை யோசிக்க வைத்துவிட்டது. எங்கள் வீட்டு மாடியிலிருந்து முப்பந்தல் காற்றாலைகள் தெரியும். அவற்றின் காலடியில் இசக்கியம்மன் கோயில். வஞ்சிக்கப்பட்டுக் கொலையுண்டு, பேயாகத் திரும்பி வந்து பழி தீர்த்த பிறகுதான் நீலிக்கு ஊரார் கோயில் எடுத்தார்கள். கொல்லப்படாமல் வாழ்ந்திருந்தால் அவளுக்குக் கதையே இருந்திருக்காது என்பது இந்த இழையைப் படிக்கும்போதுதான் உறைத்தது.

கதையாசிரியரிடம் ஒரு சந்தேகம். உங்கள் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. மாசியில் கும்பப்பூ அறுத்தால், சித்திரையில் கன்னிப்பூ விதைக்கும் வரை வயல் தரிசாகக் கிடக்கும். அந்தப் பங்குனியில் ஜோதி யார்? எந்த ஈறு?

பறக்கை வயல் எழுதியது:

அண்ணாச்சி, அந்த ஓட்டைக்குள்தான் நான்கு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

பங்குனியில் ஜோதி இரண்டும் இல்லை. வயல் வெடித்துக் கிடக்கும், மடையில் வேலை இருக்காது, ஊரே கோயில் கொடையும் வில்லுப்பாட்டுமாக இருக்கும். அந்தப் பகுதியை வினைமுற்றே இல்லாமல், 'தெரு முனையில் ஜோதி. கையில் பழைய மண்வெட்டி. திண்ணையில் தங்கம்' என்று பெயர்களால் மட்டும் எழுதிப் பார்த்தேன். நாடகக் குறிப்புப் போல இருக்கிறது.

முட்டம் விளக்கு எழுதியது:

ஜோதிக்கு அம்மா இருக்கிறார்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, கடலிலிருந்து மாமா திரும்பும் நேரத்தில் நான் ஓடி வருவதைக் கண்டால் அம்மா அடுக்களையிலிருந்து 'பிள்ள வந்துட்டு' என்பார்கள், பிள்ளை வந்துவிட்டது என்று பொருள். அதுவும் அஃறிணை ஈறுதான். ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் ஒரே சொல். அதில் இழிவு ஒரு துளியும் இல்லை. பதினாறு வயதுக்குப் பிறகு அம்மா அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். எட்டு ஆண்டு பேச்சு இல்லாமல் இருந்து, ஒக்கிப் புயல் முடிந்த வாரம், 2017 டிசம்பரில், நான் முதன்முறையாகப் புடவையில் வீட்டுக்குப் போனபோது, வாசலில் நின்ற அம்மா உள்ளே பார்த்துச் சித்தியிடம் சொன்னது அதே மூன்றெழுத்துப் பிள்ளையைத்தான்.

'அது' வேண்டாம் என்று மேலே நான் சொன்னதில் ஒரு விலக்குத் தருகிறேன். ஊரார் வாயில் வேண்டாம், கதை சொல்லியின் வாயிலும் வேண்டாம். பங்குனியில், அம்மா வாயில் மட்டும் இருக்கட்டும்.

பறக்கை வயல் எழுதியது:

அக்கா, ஜோதிக்கு இதுவரை அம்மா இல்லை. இன்று இரவு முதல் இருக்கிறார்கள்.

பங்குனிப் பகுதியை முழுவதும் அம்மாவின் பேச்சாக மாற்றி எழுதப் போகிறேன். தேன் சொன்ன 'வந்தாவ' தங்கத்துக்கு, ஏனெனில் தங்கம் மருமகப்பிள்ளை முறை. கதை சொல்லி அந்தச் சில பக்கங்களில் வாய் திறக்க மாட்டார். அறுவடைப் பத்தியில் ஈறு மாறும் இடத்தை ஆசிரியர் ஐயாவுக்குத் தனியாக அனுப்புகிறேன். சிவப்பு மை வேண்டாம், பென்சில் போதும். மொத்தக் கதையையும் அக்கா முதலில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பலாமா?

முட்டம் விளக்கு எழுதியது:

அனுப்புங்கள். ஞாயிறு எனக்கு இரவுப் பணி. திங்கட்கிழமை காலை படித்துவிட்டுச் சொல்கிறேன்.